தொடுவது எது? தொடக்கநிலை அறிவியலில் ‘தொடுவிசை’, ‘தொடாவிசை’ என்னும் சொல்லிணை

அறிவியல் கலைச்சொல் ஒன்றை மதிப்பிடும்போது அது மூலச்சொல்லுக்கு நிகரானதா, எளிமையானதா, தமிழ் மரபுக்கு இயைந்ததா என்னும் வினாக்களே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. அச்சொல்லை முதன்முதலாகக் கேட்கும் மாணவரின் மனத்தில் எத்தகைய வாக்கியம் உருவாகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. சொல்லாக்கம் சொல்லோடு நின்றுவிடுவதாக எண்ணும் வழக்கமே இதற்குக் காரணமாகலாம். பெயரடியாகப் பிறக்கும் கலைச்சொற்களில் இவ்வெண்ணத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. வினையடியாகப் பிறக்கும் சொற்களின் நிலை வேறு. வினை தனித்து நிற்பதன்று. செய்வது யார், எதைச் செய்கிறது என்னும் எதிர்பார்ப்புகளை உடன்கொண்டே அது வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் வழங்கும் ‘தொடுவிசை’, ‘தொடாவிசை’ என்னும் இணை இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழ் மட்டுமே வழங்கும் வகுப்பறையில் இவ்விணையின் இடர் எளிதில் வெளிப்படுவதில்லை. ஆசிரியரின் விளக்கமும் மாணவரின் ஊகமும் அதனை மூடிவிடுகின்றன. வேறொரு திராவிட மொழியின் சொல்லிணை அதே குழந்தையின் செவியில் விழும் இடத்தில் அது துலக்கமாகிறது. 2007-இல் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அல்வால் அத்தகைய இடங்களுள் ஒன்று. செகந்தராபாத் படைக்குடியிருப்பை அடுத்துள்ள இப்பகுதிக்கும் அதன் அண்டைப் பகுதிகளான போலாரம், திருமலகிரி ஆகியவற்றுக்கும் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளின் வழியாகவும் பின்னர்ப் பணியின் பொருட்டும் தமிழர் வந்து குடியேறிய வரலாறு உண்டு. இங்கு வாழும் தமிழ்க் குழந்தை ஒன்று வீட்டில் தமிழையும் தெருவில் தெலுங்கையும் உருதுவையும் வகுப்பில் ஆங்கிலத்தையும் தெலுங்கையும் கேட்டு வளர்கிறது எனக் கொள்வோம். தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடமாயிற்று. 2022–23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆங்கிலவழி புகுத்தப்பட்டபோது, ஆங்கிலமும் தெலுங்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த இருமொழிப் பாடநூல்கள் அச்சிடப்பட்டன. தமிழ்வழி பயின்ற தாயோ தந்தையோ வீட்டுப்பாடத்துக்கு உதவ அமரும்போது மூன்றாவது சொல்லிணையும் வந்து சேர்கிறது.

சொல்லிணைகள்

தெலுங்குப் பள்ளி அறிவியலில் வழங்குவன ‘ஸ்பர்சா பலம்’, ‘க்ஷேத்ர பலம்’ என்பன. இந்தியில் ‘சம்பர்க்க பல்’, ‘அசம்பர்க்க பல்’ என்றும், மலையாளத்தில் ‘சம்பர்க்க பலம்’, ‘சம்பர்க்கரகித பலம்’ என்றும் வழங்குகின்றன. 1961-இல் நடுவணரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் வடமொழி வேர்களைப் பொதுவாகக் கொண்டு சொல்லாக்கம் செய்ய வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது. இந்திய மொழிகள் பலவற்றில் ‘பலம்’ நிலைபெற்றிருப்பதை இக்கொள்கையின் பின்னணியில் வைத்து நோக்கலாம். தமிழ் இதில் விலகி நின்றது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய பரிபாஷை முயற்சி வடமொழிக்கு இடமளித்தது. 1930-களிலிருந்து வலுப்பெற்ற தனித்தமிழ்ச் சார்பு பள்ளி நூல்களின் சொற்கோவையைப் படிப்படியாக மாற்றியது. ‘விசை’ நிலைபெற்றது இம்மாற்றத்தின் பயனாகும்.

இவ்விணைகளை ஒப்பிடும்போது இரண்டு வேறுபாடுகள் தென்படுகின்றன. இந்தி, மலையாளம், தமிழ் மூன்றும் இரண்டாம் வகையை எதிர்மறையால் குறிக்கின்றன. இல்லாத ஒன்றைச் சொல்லி உள்ளதை உணர்த்துகின்றன. தெலுங்கு எதிர்மறையை விலக்கி, விசை எதன் வழியாகச் செயற்படுகிறதோ அதனை, அதாவது புலத்தை, பெயராக்கிக்கொண்டது. இயற்பியல் நோக்கில் இது நேர்மையான தெரிவு. தொலைவிலிருக்கும் ஒரு பொருள் இடையில் எதுவுமின்றி மற்றொன்றை இழுக்கும் என்பதை நியூட்டனே ஏற்கத் தயங்கினார். 1693-இல் பென்ட்லிக்கு எழுதிய மடலில் அக்கருத்தை அவர் அறிவுக்கு ஒவ்வாததாகவே குறித்தார். அவ்விடைவெளியை நிரப்பியது 19ஆம் நூற்றாண்டில் ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும் வளர்த்தெடுத்த புலக் கோட்பாடு. ஆயினும் எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புலம் என்பது இனிமேல் வரவேண்டிய கருத்து. ‘க்ஷேத்ரம்’ என்றதும் தெலுங்குக் குழந்தை நினைப்பது திருத்தலத்தை. ‘ஸ்பர்ச’ என்பதும் ஐம்புலன் பாடத்தில் தோலோடு சேர்த்துக் கற்ற சொல்லேயாதலின், மேசையும் புத்தகமும் தம்முள் ‘ஸ்பர்சம்’ கொள்வது குழந்தைக்கு வியப்பாகவே இருக்கும்.

இரண்டாம் வேறுபாடு இலக்கணம் பற்றியது, இதுவே முதன்மையானது. பிற மொழிகள் பெயரை அடையாக்கியிருக்கத் தமிழ் வினையை அடையாக்கியுள்ளது. இதனால் தமிழுக்கு வாய்த்த நன்மை வெளிப்படையானது. ‘தொடு’ என்பதை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. ‘தொடா’ என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பேச்சில் வழங்காதெனினும் ‘வாடாமல்லி’யைக் கண்ட குழந்தைக்கு அதன் பொருளை உணர்த்துவது அரிதன்று. வாடாத மல்லி வாடாமல்லி, தொடாத விசை தொடாவிசை என்று ஒரு தொடரில் ஆசிரியர் விளக்கிவிடலாம். சிக்கல் தொடங்குவதும் இவ்விளக்கத்திலேதான்.

வினைத்தொகையின் இடர்

காலம் மறைந்து நிற்கும் பெயரெச்சமே வினைத்தொகை என்பது நன்னூலார் கொள்கை. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைத் தொல்காப்பியம் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாக வகுக்கிறது. இவற்றுள் எவ்வுறவு குறிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் உருபு எதுவும் தொகையில் இல்லை. குடிநீரில் நீர் செயப்படுபொருள். ஆடுகளத்தில் களம் இடம். எழுதுகோலில் கோல் கருவி. ஊறுகாயில் காய் வினைமுதல். கேட்போர் தம் உலகறிவைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிகின்றனர். களம் ஆடாது, கோல் தானே எழுதாது என்பது எவரும் அறிந்தது.

‘தொடு’ என்னும் அடியோடு இன்றைய மாணவர் அறிந்த தொகைகள் மூன்று. கைப்பேசியின் தொடுதிரை, கணக்குப் பாடத்தின் தொடுகோடு, கடற்கரையில் காணும் தொடுவானம். தொடுதிரையில் திரை தொடப்படுவது. தொடுகோட்டில் கோடு தொடுவது. தொடுவானத்தில் வானம் தொடுவதுபோலத் தோன்றுவது. நான்காவதாகத் ‘தொடுவிசை’ வருகிறது. இங்கு விசை எதனையும் தொடுவதில்லை, எதனாலும் தொடப்படுவதுமில்லை. தொடுபவை இரண்டு பொருள்கள். அத்தொடுதலால் ஏற்படுவது விசை. ஆகவே விசைக்கும் தொடுதலுக்கும் உள்ள உறவு மேற்கூறிய ஆறனுள் நேரே அடங்குவதன்று. காரண காரியமாக நிற்பது. ‘சாப்பிட்ட மயக்கம்’, ‘நடந்த களைப்பு’, ‘மழை பெய்த ஈரம்’ என்பன போன்ற தொடர்கள் தமிழில் இயல்பானவையே. ஆனால் அவற்றில் பெயரெச்சம் காலம் காட்டி விரிந்து நிற்பதால் முன்பின் உறவு விளங்குகிறது. ‘சாப்பிடு மயக்கம்’ என்று எவரும் தொகுப்பதில்லை. காரண காரிய உறவுக்கு வினைத்தொகை எளிதில் இடங்கொடுக்காது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

உலகறிவு துணைசெய்யாத நிலையில் குழந்தை மிகப் பழகிய உறவையே பற்றிக்கொள்ளும். அது வினைமுதல் உறவு. தொடுவிசை என்றால் தொடுகிற விசை. தொடாவிசை என்றால் தொடாத விசை. வாடாமல்லியின் ஒப்புமை இவ்வுணர்வை மேலும் உறுதிப்படுத்துகிறது, வாடாதிருப்பது மல்லியே ஆதலின். விசை என்பது பொருளிலிருந்து புறப்பட்டுச் சென்று மற்றொன்றைத் தொடும், அல்லது தொடாமல் நின்றே செயற்படும் ஒரு பொருள் என்ற எண்ணம் இவ்வாறு சொல்லின் வாயிலாகவே புகுந்துவிடக் கூடும். விசையைப் பொருளிடத்துத் தங்கியிருக்கும் உடைமையாகக் கருதும் மனப்பாங்கு உலகெங்கும் மாணவரிடம் காணப்படுவதை அறிவியற் கல்வி ஆய்வுகள் 1970-களிலிருந்தே சுட்டி வருகின்றன. 1992-இல் ஹெஸ்டனீஸ் முதலியோர் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனை இத்தகைய எண்ணங்களை வெளிக்கொணரும் நோக்கில் அமைக்கப்பட்டதே. அவ்வெண்ணத்தைத் தமிழ்ச்சொல் உண்டாக்கியது எனக் கூறுதல் பொருந்தாது. அதற்கு இருப்பிடம் தருகிறது எனலாம்.

இவ்வகையில் தெலுங்கின் ‘பலம்’ குறைந்த இடரை உடையது எனக் கருத வேண்டா. பலம் என்பது வலிமை, ஒருவரிடம் இருப்பது. காந்தத்தின் பலம் காந்தத்திடமே இருப்பதாகத் தெலுங்குக் குழந்தை கொள்வதற்கு அச்சொல்லே இடந்தருகிறது. தமிழின் ‘விசை’க்கு அக்குறை இல்லை. ஆனால் விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை எனக் குழந்தை கேட்டவை எல்லாம் இயந்திரத்தோடும் பொத்தானோடும் தொடர்புடையவை. குழாயில் நீர் வேகமாக வருவதைக் குறிக்க அதே குழந்தை வீட்டில் வழங்குவது ‘ஃபோர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல். தூய சொல் வகுப்பில் இருக்க, பொருளுணர்வு கடன்சொல்லில் தங்கியிருப்பது நோக்கத்தக்கது.

மற்றொன்றையும் ஈண்டுச் சுட்டலாம். ‘தொடு’ என்னும் வடிவம் தொட்டான் என்பதற்கும் தொடுத்தான் என்பதற்கும் பொதுவான அடி. தொடுகணை என்பதில் உள்ளது பின்னது. தொடுவிசை என்பதை எய்யும் விசை எனப் பொருள்கொள்ளும் மாணவர் எவரும் இரார். எனினும் வினைத்தொகை எத்துணை வாயில்களைத் திறந்துவைக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். ஈழத்து அறிவியல் நடையில் பயிலும் ‘தொடுகை’ என்னும் தொழிற்பெயர் இவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. ‘தொடுகை விசை’ என்பதில் விசை தொடுகிறது என்னும் பொருளுக்கு இடமில்லை. ஓரெழுத்து மிகையால் கிடைக்கும் இந்நன்மையைத் தமிழ்நாட்டுச் சொல்லாக்கக் குழுக்கள் கருதியிருக்கலாம்.

தொடுதலும் படுதலும்

தமிழ்ப் பேச்சில் ‘தொடு’ பெரும்பாலும் கருதிச் செய்யும் செயலைக் குறிக்கிறது. கை உடையதே தொடும். அஃறிணைப் பொருள் மற்றொன்றைச் சேர்வதற்குக் குழந்தை இயல்பாக வழங்கும் வினை ‘படு’ என்பது. பந்து சுவரில் பட்டது. கல் காலில் பட்டது. காற்று முகத்தில் படுகிறது. ‘பந்து சுவரைத் தொட்டது’ என்பது பிழையன்று. ஆயினும் பந்து மெல்லச் சென்று நின்றதான நுண்பொருள் அதில் தோன்றுகிறது. உரசு, இடி, முட்டு, மோது, ஒட்டு என்று தொடர்பின் வகைகளைக் குறிக்கும் வினைகள் பேச்சுத்தமிழில் வளமாக உள்ளன. பாடநூல் நடை இவ்வளத்தைக் கைவிட்டுத் ‘தொடு’ என்னும் ஒன்றையே எங்கும் ஆள்கிறது. கலைச்சொல்லுக்கு ஒருமை வேண்டும் என்பது உண்மையே. விளக்கத்துக்கும் அதே வறுமை வேண்டும் என்பதில்லை.

அல்வால் குழந்தையின் நிலை இங்குச் சுவையானது. தெலுங்கில் ‘தாகு’ என்பது தொடுதல். அதன் இனச்சொல்லான தமிழ்த் ‘தாக்கு’ இன்று அடித்தலையும் போரையும் குறிக்கிறது. தெலுங்கின் ‘முட்டு’ தொடுதல். தமிழின் ‘முட்டு’ ஆட்டுக்கடா செய்வது. கருதாது நேரும் தொடர்புக்குத் தெலுங்கு வழங்கும் ‘தகுலு’ தமிழ்ப் ‘படு’வோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. ஆகவே இரு மொழிகளும் தொடுதலையும் படுதலையும் வேறுபடுத்துகின்றன. வடிவங்கள் மட்டும் இடம்மாறிக் கிடக்கின்றன. இருமொழிக் குழந்தை இவ்வேறுபாட்டை விளையாட்டின் வழியாகவே அறிந்திருக்கும். பாடமோ அதனைப் பயன்கொள்வதில்லை.

இதன் விளைவைச் சங்கராந்தி நாளில் காணலாம். ஐதராபாத் நகரின் மொட்டைமாடிகளில் அன்று பட்டம் விடாத குழந்தைகள் குறைவு. பறக்கும் பட்டத்தின்மீது எந்த விசை உள்ளது என வினவினால், அதனை எதுவும் தொடவில்லையாதலின் தொடாவிசை என்னும் விடை வருவதற்கு வாய்ப்புண்டு. கயிறு தொட்டிருப்பது மறக்கப்படுகிறது. காற்று தொடுவதாகத் தமிழில் எவரும் சொல்வதில்லை. உண்மையில் காற்று தருவது தொடர்பால் எழும் விசை. கயிற்றின் இழுப்பும் அவ்வாறே. புவியீர்ப்பு ஒன்றே தொடாது செயற்படுவது. மூன்றும் ஒரே பட்டத்தில் ஒருங்கே உள்ளன. ‘காற்று படுகிறது’ என்று தொடங்கியிருந்தால் குழந்தை இடறியிராது. தெலுங்கில் பட்டத்தின் பெயரே ‘காலிபடம்’. ‘காலி’ என்பது காற்று. தமிழில் ‘காற்றாடி’ என்பதும் அதனையே சொல்கிறது. கலைச்சொல் மறைத்ததை விளையாட்டுப் பொருளின் பெயர் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது.

இன்னொரு மயக்கம் எடுத்துக்காட்டுகளால் விளைவது. தொடுவிசைக்குத் தள்ளுவண்டியும் தொடாவிசைக்கு ஊசியை இழுக்கும் காந்தமும் மீண்டும் மீண்டும் காட்டப்படும்போது, தள்ளினால் தொடுவிசை, இழுத்தால் தொடாவிசை எனக் குழந்தை பிரித்துக்கொள்ளும். ஒரு பென்சிலில் கோத்த இரண்டு வளையக் காந்தங்கள் ஒத்த முனைகள் எதிர்நிற்க மிதப்பதை ஒருமுறை காட்டினால் இம்மயக்கம் அகலும்.

வாக்கியமே பாலம்

பெயர்களில் விலகி நிற்கும் தமிழும் தெலுங்கும் வாக்கியத்தில் ஒன்றுபடுகின்றன. ‘காந்தம் ஊசியைத் தொடாமல் இழுக்கிறது’ என்பதைத் தெலுங்கில் ‘அயஸ்காந்தம் சூதினி தாககுண்டா லாகுதுந்தி’ எனச் சொல்லுக்குச் சொல் வைக்கலாம். எழுவாய், இரண்டாம் வேற்றுமை, எதிர்மறை வினையெச்சம், முற்று என அமைப்பு முழுவதும் ஒன்றே. காந்தம் என்னும் சொல்லும் தெலுங்கு முழுமையாகக் காத்துள்ள ‘அயஸ்காந்தம்’ என்பதன் குறுகிய வடிவமேயாகும்.

பெயரெச்சத்தால் நேர்ந்த இடர் வினையெச்சத்தால் நீங்குவது தற்செயலன்று. தொட்டு, தொடாமல் என்னும் எச்சங்கள் பொதுவாக முற்றுவினையின் எழுவாயையே தம் எழுவாயாகக் கொள்வன. ஆகவே தொடாதது எது என்னும் வினாவுக்கு வாக்கியத்திலேயே விடை கிடைக்கிறது: இழுப்பது எதுவோ அதுவே தொடாதிருப்பது. இங்கு ‘விசை’ என்னும் சொல்லே தேவைப்படவில்லை. ‘கை வண்டியைத் தொட்டுத் தள்ளுகிறது’, ‘சீப்பு காகிதத்துண்டைத் தொடாமல் இழுக்கிறது’, ‘தரை பந்தில் உரசி அதன் ஓட்டத்தைக் குறைக்கிறது’ என்பன போன்ற வாக்கியங்கள் பலவற்றைக் குழந்தையே இரு மொழிகளிலும் சொல்லிப் பழகிய பின்னர், அவற்றுக்கு இட்ட பெயர்களாகத் தொடுவிசையும் தொடாவிசையும் ஸ்பர்சா பலமும் க்ஷேத்ர பலமும் வரலாம். பெயர் அப்போது வாக்கியத்தின் சுருக்கமாகிவிடுவதால், அதன் உள்ளுறவை ஊகித்தறிய வேண்டிய நிலை குழந்தைக்கு ஏற்படாது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருமொழிப் பாடநூலில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கலைச்சொற்களைக் கொண்டே சரிபார்ப்பது வழக்கம். ஆங்கிலத்தின் தொடர்பின்மையைத் தெலுங்கு புலமாக்கியது பிழையென அவ்வளவுகோல் கூறிவிடும். தமிழ் நேரே பெயர்த்ததைச் சரியென்றும் கூறும். குழந்தை வாக்கியமாக்கிச் சொல்வதை அளவுகோலாகக் கொண்டால் மதிப்பீடு மாறும். தெலுங்குப் பக்கத்தில் எதிர்ப்படுவது விளங்காமை. தமிழில் எதிர்ப்படுவது விளங்கிவிட்டதாகத் தோன்றும் பிறழ்ச்சி. முன்னதைக் கேட்டுத் தெளியலாம். பின்னதைக் கேட்கவேண்டும் என்றே குழந்தைக்குத் தோன்றாது. எனவே தமிழ்ச்சொல்லின் எளிமையைப் பாராட்டுவோர் அதன் விலையையும் கணக்கிட வேண்டியவராகின்றனர்.

‘பொருளின் மீது விசை செயல்படுகிறது’ என்னும் பாடநூல் தொடரும் ஆராயத்தக்கதே. ஆங்கில வாக்கியத்தைத் தழுவிய இத்தொடரில் விசை எழுவாயாகிவிடுகிறது; அதனைச் செலுத்தும் பொருள் வாக்கியத்திலிருந்தே மறைகிறது. ‘மீது’ என்பது மேற்புறத்தைக் குறிக்கும் உருபாதலின், விசை பொருளின்மேல் வந்து அமர்வதான காட்சியும் எழுகிறது. தெலுங்கின் ‘பை’ என்னும் உருபுக்கும் இது பொருந்தும். ‘காந்தமும் ஊசியும் ஒன்றையொன்று இழுக்கின்றன’ என்னும் வாக்கியம் இரு பொருள்களையும் காட்டுவதோடு நியூட்டனின் மூன்றாம் விதிக்கும் வழியமைத்து வைக்கிறது. ‘புவியீர்ப்பு’ என்னும் அழகிய சொல்லோ புவி ஈர்ப்பதை மட்டும் சொல்லி, கல்லும் புவியை ஈர்ப்பதை மறைத்துவிடுகிறது.

அணுவளவில் நோக்கினால் தொடுதல் என்பதே இல்லை. மேசையும் புத்தகமும் தம் மின்துகள்களின் விலக்கலால் பிரிந்தே நிற்கின்றன. ஆதலால் இப்பாகுபாடே பொருளற்றது என வாதிடுவோர் உளர். இவ்வாதம் மேல்வகுப்புக்கு உரியது. கண்ணால் கண்டு பாகுபடுத்தும் பருவத்தில் இப்பாகுபாடு பயனுடையதே. ஆனால் அதனைத் தளரவிடாமல் இறுக்கும் சொல்லைக் காட்டிலும், பின்னர்த் திருத்திக்கொள்ள இடந்தரும் வாக்கியம் இங்கும் மேம்பட்டதாகிறது.

மேசைமேல் வைத்த புத்தகம் மட்டும் இம்முறைக்கும் எளிதில் வசப்படுவதில்லை. மேசை புத்தகத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதை மாணவர் ஏற்க மறுப்பதையும், மேசை வழியில் நிற்பதாக மட்டுமே அவர்கள் கருதுவதையும் 1982-இல் மின்ஸ்டிரெல் விரிவாக ஆராய்ந்தார். ‘மேசை புத்தகத்தைத் தொட்டுத் தள்ளுகிறது’ என்னும் தமிழ் வாக்கியம் நகைப்பையே தரும். ‘தடுக்கிறது’ என்றால் மின்ஸ்டிரெல் கண்ட மாணவரின் எண்ணமே உறுதிப்படும். இவ்விடத்தில் தமிழுக்கு வாய்த்த வினை ‘தாங்கு’ என்பது. தூண் கூரையைத் தாங்குகிறது, தோள் சுமையைத் தாங்குகிறது என்பவற்றில் தாங்குவது ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்னும் உணர்வு உண்டு. தாங்காவிட்டால் என்ன நேரும் என்பதையும் குழந்தை அறியும். புத்தகத்தை முதலில் தன் உள்ளங்கையிலும் பின்னர் வளையும் மெல்லிய பலகையிலும் இறுதியில் மேசையிலும் வைத்து, மூன்று முறையும் ‘தாங்குகிறது’ என்றே குழந்தை சொல்லுமாறு பாடத்தை அமைக்க இயலும். ‘செங்குத்து விசை’ என்னும் கலைச்சொல் அதன்பின் வருவதே முறை.